48 வோல்ட் சர்வோவை மெஷினில் இணைப்பது: கணக்கிலிருந்து கமிஷனிங் வரை

நியூமேடிக் சிலிண்டரும் ஸ்டெப்பர் மோட்டாரும் பார்த்துக்கொண்டிருந்த பல வேலைகள் இப்போது உள்ளங்கையில் அடங்கும் 24, 48 வோல்ட் சர்வோக்களிடம் போய்விட்டன. சர்வோ என்றால் தன் நிலையை என்கோடர் என்ற சென்சாரால் அளந்து திருத்திக்கொண்டே ஓடும் மோட்டார்; அதற்குக் கரண்ட் கொடுத்து ஓட்டும் எலக்ட்ரானிக் பெட்டிதான் டிரைவ். லேபிள் ஒட்டுவது, பாட்டில் மூடி திருகுவது, பாகத்தை எடுத்து வைக்கும் பிக் அண்டு பிளேஸ், தொழிற்சாலைக்குள் தானே ஓடும் ஏஜிவி வண்டி என்று எங்கும் இவை இருக்கின்றன. 40 மி.மீ. ஃபிளேஞ்சில் 50 அல்லது 100 வாட், 60 மி.மீ. ஃபிளேஞ்சில் 200 அல்லது 400 வாட் கிடைக்கும். டிரைவோ ஒரு தீப்பெட்டி அடுக்கு அளவுதான்.

அளவு சின்னது, வோல்டேஜ் சின்னது, அதனால் வேலையும் சுலபம் என்று நினைத்துத்தான் பலர் இறங்குகிறார்கள். மோட்டார் தேர்வில் பெரிதாகத் தப்பு நடப்பதில்லை. தொல்லை வருவது பவர் சப்ளையில், வயரில், பிரேக் போடும்போது திரும்பி வரும் எனர்ஜியில். 230 வோல்ட் சர்வோவில் டிரைவ் தயாரிப்பவரே இந்தப் பொறுப்புகளில் பாதியை டிரைவுக்குள் வைத்துக் கொடுத்துவிடுவார். 48 வோல்ட்டில் அவை மெஷின் கட்டுபவரின் தலையில் விழுகின்றன. அதனால் இந்த வழிகாட்டியும் அந்த இடங்களில்தான் அதிக நேரம் நிற்கும்.

வெறும் பேச்சாகப் போகாமல் இருக்க ஒரு மெஷினை எடுத்துக்கொள்வோம். மூன்று ஆக்சிஸ் (அசையும் திசை) கொண்ட சின்ன பிக் அண்டு பிளேஸ். அதில் கிடைமட்டமாக ஓடும் எக்ஸ் ஆக்சிஸ், கிரிப்பரோடு சேர்த்து 4 கிலோ எடையை 0.4 விநாடியில் 300 மி.மீ. நகர்த்த வேண்டும். அடுத்த 0.4 விநாடி அது சும்மா நிற்கும். டைமிங் பெல்ட், 5 மி.மீ. பிட்ச், 24 பல் புல்லி. அதாவது புல்லி ஒரு சுற்று சுற்றினால் 120 மி.மீ.

முதலில் ஒரு கேள்வி: இது தேவையா?

ஒரு ஆக்சிஸுக்கு 500 வாட்டுக்குள் பவர், டிரைவிலிருந்து மோட்டாருக்குச் சில மீட்டர் தூரம், ஆட்கள் கைவைக்கும் இடம், பேட்டரியில் ஓடும் வண்டி: இந்த இடங்களில் லோ வோல்டேஜ் சர்வோ நன்றாகப் பொருந்தும். ஒரு கிலோவாட்டை நெருங்கும் ஆக்சிஸ் என்றாலோ பேனலிலிருந்து 20 மீட்டர் தள்ளி மோட்டார் இருக்கிறது என்றாலோ யோசிக்காமல் 230 அல்லது 400 வோல்ட் சர்வோவுக்குப் போய்விடுங்கள். ஒரு கிலோவாட்டுக்கு 48 வோல்ட்டில் 20 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். அதற்கான செம்பின் விலையே மிச்சத்தைச் சாப்பிட்டுவிடும்.

இரண்டு நிலையில் மட்டும் நிற்கும் அசைவு, நடுவில் எங்கும் நிற்க வேண்டாம், விசையையும் கட்டுப்படுத்த வேண்டாம் என்றால் சிலிண்டரையே வைத்துக்கொள்ளலாம். எல்லா இடத்திலும் சர்வோ போட்டுத்தான் ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

படி 1: அசைவை எண்ணாக மாற்றுங்கள்

மொத்த நேரத்தை மூன்றாகப் பிரித்து, ஒரு பங்கு வேகமெடுக்க, ஒரு பங்கு சீராக ஓட, ஒரு பங்கு வேகம் குறைக்க என்று வைப்பது நல்ல தொடக்கம். நம் ஆக்சிஸில் சராசரி வேகம் விநாடிக்கு 0.75 மீட்டர். இந்த அமைப்பில் உச்ச வேகம் அதைப்போல ஒன்றரை மடங்கு, 1.125 மீட்டர். அதை 0.133 விநாடியில் எட்ட வேண்டும் என்றால் முடுக்கம் சுமார் 8.4 மீட்டர் பெர் செகண்ட் ஸ்கொயர்.

4 கிலோவுக்கு இது 34 நியூட்டன். ரெயில், பெல்ட் உராய்வுக்கு 8 நியூட்டன் சேர்த்தால் 42. புல்லியின் ஆரம் 19.1 மி.மீ., ஆகவே புல்லியில் டார்க் 0.8 நியூட்டன் மீட்டர். புல்லியின் வேகம் 563 ஆர்பிஎம்.

நேரடியாக மோட்டாரைப் புல்லியில் மாட்டினால் 563 ஆர்பிஎம்மில் 0.8 நியூட்டன் மீட்டர் வேண்டும். 3000 ஆர்பிஎம்முக்கு வடிவமைத்த மோட்டாரை இப்படி ஓட்டுவது வீண். 5:1 பிளானட்டரி கியர்பாக்ஸ் போட்டால் மோட்டார் 2813 ஆர்பிஎம்மில் சுற்றும், கியர்பாக்ஸ் இழப்பையும் சேர்த்து டார்க் 0.17 ஆகக் குறையும். இதற்கு மேல் மோட்டார் தன் ரோட்டரையே முடுக்க வேண்டிய டார்க்கும் சேரும், அதை மறந்துவிடக் கூடாது. 200 வாட் மோட்டாரில் அது 0.04 அளவுக்கு வரும். மொத்தம் 0.21. ஓய்வு நேரத்தையும் கணக்கில் சேர்த்தால் ஆர்எம்எஸ் டார்க் (மோட்டாரின் சூட்டைத் தீர்மானிக்கும் சராசரி டார்க்) சுமார் 0.10.

3000 ஆர்பிஎம்மில் 100 வாட் மோட்டாரின் ரேட்டட் டார்க் 0.32. டார்க் கணக்கை மட்டும் பார்த்தால் 100 வாட் தாராளம்.

ஆனால் இனர்ஷியா (வேக மாற்றத்தை எதிர்க்கும் தன்மை) வேறு கதை சொல்கிறது. 4 கிலோ சுமை புல்லியில் 0.00146 கிலோ மீட்டர் ஸ்கொயர். கியர்பாக்ஸ் விகிதத்தின் வர்க்கமான 25-ஆல் வகுத்தால் மோட்டார் ஷாஃப்டில் அது 0.000058. 40 மி.மீ. ஃபிளேஞ்ச் 100 வாட் மோட்டாரின் ரோட்டர் இனர்ஷியா பொதுவாக 0.000005 வாக்கில் இருக்கும். சுமைக்கும் ரோட்டருக்கும் உள்ள இனர்ஷியா விகிதம் கிட்டத்தட்ட 12:1. நடைமுறையில் 10:1-க்குள் வைப்பது வழக்கம். பெல்ட் போல நீளும் பொருள் நடுவில் இருந்து, வேகமாக நிற்கவும் வேண்டும் என்றால் 5:1-க்குள் இருப்பது நிம்மதி. 60 மி.மீ. ஃபிளேஞ்ச் 200 வாட் மோட்டாரில் ரோட்டர் 0.00002 என்றால் விகிதம் 3:1-க்கு வந்துவிடும்.

கியர்பாக்ஸை 7:1 ஆக்கினால் 100 வாட்டே போதாதா? விகிதம் 6:1-க்கு இறங்கும், உண்மைதான். ஆனால் மோட்டார் 3940 ஆர்பிஎம் சுற்ற வேண்டும். 48 வோல்ட்டில் அது எல்லா மோட்டாராலும் முடியாது. இங்கே 200 வாட் எடுப்பதுதான் சரி என்பேன். விலை வித்தியாசம், ட்யூனிங்கில் செலவாகும் நேரத்தைவிடக் குறைவு.

படி 2: வோல்டேஜ்தான் வேகத்தின் உச்சவரம்பு

மோட்டார் சுற்றும்போது தானே ஒரு வோல்டேஜை உண்டாக்கும். அதுதான் பேக் இஎம்எஃப். டேட்டாஷீட்டில் 1000 ஆர்பிஎம்முக்கு இத்தனை வோல்ட் என்று போட்டிருப்பார்கள். லைனுக்கு லைன் உச்ச மதிப்பாக 10 வோல்ட் என்று இருந்தால் 2813 ஆர்பிஎம்மில் 28 வோல்ட். மிச்சமுள்ள 20 வோல்ட்டில்தான் டிரைவ் கரண்டைத் தள்ள வேண்டும். வைண்டிங்கின் ரெசிஸ்டன்ஸ், இண்டக்டன்ஸ் இரண்டுக்கும் அதிலிருந்துதான் கொடுக்க வேண்டும். இதே மோட்டாரை 24 வோல்ட்டில் கட்டினால் அந்த வேகத்தைத் தொடவே தொடாது. டேட்டாஷீட்டில் ஆர்எம்எஸ் மதிப்பா உச்ச மதிப்பா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடையே 1.41 மடங்கு வித்தியாசம், ஆளுக்கு ஒரு விதமாகப் போடுகிறார்கள்.

டார்க்-வேக வரைபடம் எந்த வோல்டேஜில் எடுத்தது என்பதையும் பாருங்கள். 48 வோல்ட்டில் வரைந்த கோடு, சுமையில் சப்ளை 43-க்கு இறங்கும் உங்கள் மெஷினில் பொருந்தாது. உச்ச வேகத்தில் குறைந்தது 15 முதல் 20 சதவீத வோல்டேஜ் கையிருப்பு வைத்துக் கணக்குப் போடுங்கள்.

கம்பாக்ட் மோட்டார்களில் இன்னொரு வகை உண்டு: ஸ்லாட் இல்லாத வைண்டிங் கொண்டவை. காகிங் (காந்த இழுப்பால் விட்டு விட்டுச் சுற்றுவது) இல்லாமல் வழுவழுவென்று சுற்றும். ஆனால் இண்டக்டன்ஸ் மிகக் குறைவு என்பதால் டிரைவின் பிடபிள்யூஎம் ஃப்ரீக்வென்சி (விநாடிக்கு எத்தனை முறை வோல்டேஜை ஸ்விட்ச் செய்கிறது என்பது) குறைவாக இருந்தால் கரண்ட் ரிப்பிள் ஏறி, சும்மா நிற்கும்போதே மோட்டார் சூடாகும். இந்த வகைக்கு டிரைவ் கையேட்டில் சொல்லியுள்ள குறைந்தபட்ச இண்டக்டன்ஸைப் பாருங்கள். போதாவிட்டால் மோட்டார் சோக் சேர்க்க வேண்டும்.

டிரைவ் மூன்று உருவங்களில் வருகிறது. பெக்ஹாஃபின் இஎல்7211 போல ஐ/ஓ டெர்மினல்களின் வரிசையிலேயே உட்காருபவை. மேக்சானின் எபோஸ்4 போலத் தனி மாட்யூலாக இருப்பவை. டெக்னிக்கின் கிளியர்பாத் போல மோட்டாரின் முதுகிலேயே டிரைவை ஏற்றியவை. முதுகில் ஏற்றியதில் பேனல் இடமும் மோட்டார் கேபிளும் மிச்சம். ஆனால் மோட்டாரின் சூடு எலக்ட்ரானிக்ஸுக்கும் போகும், எலக்ட்ரானிக்ஸ் கெட்டால் மோட்டாரோடு சேர்த்து மாற்ற வேண்டும்.

படி 3: பவர் சப்ளை

மூன்று மோட்டார், ஒவ்வொன்றுக்கும் உச்ச கரண்ட் 16 ஆம்பியர், ஆக 48 ஆம்பியர் சப்ளை வேண்டும் என்று ஒருவர் கணக்குப் போடுவார். இன்னொருவர் ரேட்டட் வாட்டைக் கூட்டி 48-ஆல் வகுப்பார். இரண்டுமே சரியில்லை.

மோட்டார் ஃபேஸில் ஓடும் கரண்டும் டிசி பஸ்ஸில், அதாவது சப்ளையிலிருந்து டிரைவுக்கு வரும் டிசி லைனில், ஓடும் கரண்டும் ஒன்றல்ல. டிரைவ் வோல்டேஜைக் குறைத்துக் கரண்டைக் கூட்டிக் கொடுக்கிறது. மோட்டார் நின்ற இடத்தில் டார்க் பிடித்துக்கொண்டிருக்கும்போது ஃபேஸில் 5 ஆம்பியர் ஓடினாலும் பஸ்ஸில் ஒரு ஆம்பியரை ஒட்டித்தான் இருக்கும். பஸ்ஸிலிருந்து எடுப்பது பவர்: டார்க்கை வேகத்தால் பெருக்கியது, அதோடு வைண்டிங் இழப்பு, டிரைவ் இழப்பு. நம் எக்ஸ் ஆக்சிஸில் முடுக்கம் முடியும் நொடியில் 0.21 நியூட்டன் மீட்டர், 295 ரேடியன். பெருக்கினால் 62 வாட். இழப்புகளுக்கு இடம் விட்டு 100 வாட் என்று வைத்தால் 2 ஆம்பியர் சொச்சம்தான்.

மூன்று ஆக்சிஸும் ஒரே நொடியில் முடுக்கம் எடுக்குமா என்று சைக்கிள் வரைபடத்தைப் பாருங்கள். எடுக்கும் என்றாலும் 48 வோல்ட், 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (ஏசியை டிசியாக்கும் ஸ்விட்சிங் பவர் சப்ளை) இந்த மெஷினுக்குத் தாராளம். வாங்கும்போது ஓவர்லோடில் அது என்ன செய்கிறது என்று கேளுங்கள். சில சப்ளைகள் வரம்பு தாண்டினால் அணைந்து அணைந்து எரியும். அவற்றை இங்கே தவிர்க்க வேண்டும். சில விநாடிகளுக்குக் கூடுதல் கரண்ட் கொடுக்கும் பூஸ்ட் வசதி உள்ளவை சர்வோவுக்கு ஏற்றவை. மே மாதத்தில் மூடிய பேனலுக்குள் 50 டிகிரியைத் தாண்டுவது நம் ஊரில் சாதாரணம். பெரும்பாலான எஸ்எம்பிஎஸ்கள் 50 அல்லது 60 டிகிரிக்கு மேல் முழு ரேட்டிங் கொடுக்காது. டேட்டாஷீட்டின் டிரேட்டிங் கோட்டை (சூடு ஏற ஏற ரேட்டிங் எவ்வளவு குறையும் என்று காட்டுவது) அங்கே வைத்துப் படியுங்கள்.

இனி திரும்பி வரும் எனர்ஜி. 1.125 மீட்டர் வேகத்தில் ஓடும் 4 கிலோவில் 2.5 ஜூல், ரோட்டரில் 0.9 ஜூல், மொத்தம் 3.4. நிற்கும் வழியில் உராய்வும் கியர்பாக்ஸும் வைண்டிங்கும் கொஞ்சம் தின்னும். பஸ்ஸுக்கு இரண்டு, இரண்டரை ஜூல் வந்து சேரும் என்று வைத்துக்கொள்வோம். எஸ்எம்பிஎஸ் அதைத் திரும்ப வாங்காது. பஸ்ஸில் உள்ள கெபாசிட்டர்தான் வாங்க வேண்டும். 4700 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் 48-இலிருந்து 58 வோல்ட்டுக்கு ஏறும்போது வாங்கிக்கொள்வது 2.5 ஜூல்.

அதாவது ஒரு ஆக்சிஸ் நிற்பதை அது விளிம்பில் தாங்கும். எமர்ஜென்சி அடித்து மூன்றும் ஒரே சமயத்தில் நின்றால் தாங்காது. வோல்டேஜ் 60-ஐத் தாண்டும். டிரைவ் ஓவர்வோல்டேஜ் ஃபால்ட் போடும், அல்லது எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். அது ரீசெட் ஆக மெயினை அணைத்துப் போட வேண்டியிருக்கும். மெஷின் வேகமாக ஓடும்போது மட்டும், எப்போதோ ஒரு முறை, காரணமில்லாமல் பவர் போகிறது என்று புகார் வந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

சப்ளைக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் ஒரு டயோடு போட்டால் தீரும் என்று சொல்பவர்கள் உண்டு. சப்ளை தப்பிக்கும். பஸ் முன்பைவிட வேகமாக ஏறும், ஏனென்றால் சப்ளைக்குள் இருந்த கெபாசிட்டரும் இப்போது உதவிக்கு இல்லை. சரியான தீர்வு பிரேக் சாப்பர்: பஸ் 56 வாக்கில் ஏறியதும் ஒரு ரெசிஸ்டரை இணைத்து எனர்ஜியைச் சூடாக்கிவிடும். பல டிரைவ்களில் இது உள்ளேயே இருக்கும், ரெசிஸ்டரை மட்டும் வெளியே மாட்ட வேண்டும். மூன்று டிரைவும் ஒரே பஸ்ஸில் இருந்தால் ஒரு சாப்பர் போதும். ஒன்று முடுக்கம் எடுக்கும்போது இன்னொன்று நின்றால் எனர்ஜி அப்படியே கைமாறிக்கொள்ளும், அது இலவச லாபம். சாப்பர் திறக்கும் வோல்டேஜ், சப்ளையின் செட்டிங்கைவிடச் சில வோல்ட் மேலே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரெசிஸ்டர் இருபத்து நான்கு மணி நேரமும் வெந்துகொண்டிருக்கும்.

பேட்டரி வண்டியில் இந்தக் கவலை குறைவு, பேட்டரி திரும்ப வாங்கிக்கொள்ளும். ஆனால் 16 செல் எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேட்டரி முழு சார்ஜில் 58 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். முழு சார்ஜோடு சரிவில் இறங்கும்போது பேட்டரியைக் காக்கும் பிஎம்எஸ் சர்க்யூட் சார்ஜிங்கைத் துண்டித்தால் எனர்ஜிக்குப் போக இடமில்லை. அங்கேயும் சாப்பர் வேண்டும்; டிரைவின் உச்ச வோல்டேஜும் 60-ஐத் தாண்டியதாக இருக்க வேண்டும்.

கடைசியாக, லாஜிக் சப்ளையைத் தனியாக வையுங்கள். டிரைவின் கண்ட்ரோல் பகுதிக்கும் என்கோடருக்கும் ஒரு 24 வோல்ட், மோட்டார் பவருக்கு வேறு 48. மோட்டார் பவர் போனாலும் பொசிஷன் நினைவில் இருக்கும், மெஷினை நடத்தும் கண்ட்ரோலரான பிஎல்சியோடு பேச்சும் அறுந்துபோகாது.

படி 4: வயரிங், எர்த்திங்

செம்பு வயரின் ரெசிஸ்டன்ஸைக் கணக்குப் போட 0.0175-ஐ நீளத்தால் பெருக்கி, ஸ்கொயர் எம்எம்மால் வகுத்தால் போதும். போகும் வயர், திரும்பும் வயர் இரண்டும் சேர்த்து நீளம். 10 மீட்டர் தூரத்துக்கு ஒன்றரை ஸ்கொயர் வயர் போட்டால் 0.23 ஓம். 10 ஆம்பியரில் 2.3 வோல்ட் விழும். 48-இல் அது 5 சதவீதம். அதே பவரை 24 வோல்ட்டில் கொண்டுபோனால் 20 ஆம்பியர், விழுவது 4.7 வோல்ட், 20 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. 24 வோல்ட் ஏற்கெனவே பேனலில் இருக்கிறதே என்று அதிலேயே சர்வோவை மாட்டுபவர்கள் இந்த இரண்டு எண்களையும் பார்க்க வேண்டும். சப்ளையிலிருந்து ஒவ்வொரு டிரைவுக்கும் தனித்தனி ஜோடி இழுங்கள். ஒரு டிரைவிலிருந்து அடுத்ததற்குத் தாவித் தாவிப் போனால் கடைசி டிரைவ்தான் எப்போதும் அண்டர்வோல்டேஜ் காட்டும்.

டிசி பக்கம் பாதுகாப்புக்கு ஏசி எம்சிபியைப் போடக்கூடாது. டிசி ரேட்டிங் உள்ளதா என்று பாருங்கள். 10 ஆம்பியர் சப்ளையால் 10 ஆம்பியர் எம்சிபியை வேகமாகத் தட்டிவிடும் அளவு கரண்ட் கொடுக்கவும் முடியாது. ஷார்ட் ஆனால் சப்ளைதான் முதலில் சுருங்கும். டிரைவுக்கு ஒன்றாக எலக்ட்ரானிக் சர்க்யூட் பிரேக்கர் அல்லது டிசி ஃபியூஸ் நல்லது.

48 வோல்ட் மைனஸை ஒரே ஒரு இடத்தில், சப்ளைக்குப் பக்கத்தில் எர்த் பாரில் இணையுங்கள். பெல்வ் (எர்த் இணைத்த, பாதுகாப்பான மிகக் குறைந்த வோல்டேஜ்) முறை என்பது இதுதான். ஐஇசி 60204-1 இதற்கு உலர்ந்த இடத்தில் 60 வோல்ட் டிசி வரை இடம் கொடுக்கிறது. பிரேக் போடும்போதும் அந்த எல்லைக்குள் நிற்க வேண்டும் என்பது சாப்பருக்கு இன்னொரு காரணம். ஷாக் அடிக்காது என்பதால் அலட்சியம் வேண்டாம். லூசான லக் ஒன்றில் 20 ஆம்பியர் ஓடினால் இன்சுலேஷன் உருகும். எல்லா முனைக்கும் ஃபெர்ரூல் (வயர் முனையில் அழுத்தும் உலோகக் குழாய்), ஸ்க்ரூவுக்குச் சொன்ன டார்க்.

மோட்டார் கேபிளின் ஷீல்டை இரண்டு முனையிலும், சுற்றிலும் பிடிக்கும் கிளாம்பால் எர்த் பிளேட்டில் அழுத்துங்கள். ஷீல்டை முறுக்கி வால் மாதிரி இழுத்து டெர்மினலில் மாட்டும் பழக்கம் எல்லாப் பேனலிலும் இருக்கிறது. உயர் ஃப்ரீக்வென்சிக்கு அந்த வால் ஒரு தடைதான். என்கோடர் கேபிளை மோட்டார் கேபிளோடு ஒரே டக்டில் படுக்க வைக்காதீர்கள். கடக்க வேண்டும் என்றால் செங்குத்தாகக் கடக்கட்டும். பவரும் என்கோடரும் ஒரே கேபிளில் வரும் மோட்டார்களில் தயாரிப்பாளரின் கேபிளையே வாங்குங்கள், இதில் மிச்சம் பிடிக்கப் போக வேண்டாம். அசையும் ஆக்சிஸில் டிராக் செயினுக்கான கேபிள் தவிர வேறு எதுவும் நிலைக்காது.

மெக்கானிக்கல் பக்கம் இரண்டே சொல். புல்லியையோ கப்ளிங்கையோ ஷாஃப்டில் சுத்தியலால் தட்டி ஏற்றாதீர்கள், பின்னால் இருப்பது என்கோடர். மோட்டாரின் ரேட்டிங் ஓர் அலுமினிய பிளேட்டில் பொருத்தி அளந்தது. நீங்கள் பிளாஸ்டிக் பிராக்கெட்டில் மாட்டினால் அந்த ரேட்டிங் கிடைக்காது.

படி 5: என்கோடரும் பிரேக்கும்

பவர் போட்டதும் ஹோமிங் (ஆக்சிஸை ஓட்டி அதன் தொடக்க இடத்தைக் கண்டுபிடிப்பது) செய்ய இடமும் நேரமும் இருந்தால், பவர் போனால் இடத்தை மறக்கும் இன்கிரிமென்டல் என்கோடர் போதும். கிரிப்பரில் பாகம் இருக்கும்போது பவர் போய் வந்தால் ஹோமுக்கு ஓடுவது ஆபத்து என்றால் இடத்தை மறக்காத மல்டிடர்ன் அப்சொல்யூட் எடுங்கள். பேட்டரி தேவைப்படாத வகை கிடைத்தால் அதுவே மேல். பேட்டரி உள்ளதில் தீரும் தேதியை மெயின்டெனன்ஸ் சார்ட்டில் எழுதாவிட்டால் ஒரு நாள் திங்கட்கிழமை காலை ஆக்சிஸ் தன் இடத்தை மறந்திருக்கும்.

செங்குத்தான இசட் ஆக்சிஸுக்கு ஹோல்டிங் பிரேக் கட்டாயம். அது நின்ற சுமையைப் பிடித்துக்கொள்ள மட்டும். ஓடும் சுமையை நிறுத்த அல்ல. பிரேக் பிடிக்க சில பத்து மில்லிசெகண்ட் ஆகும். அதுவரை டிரைவ் டார்க்கை விடாமல் இருக்கும்படி டிரைவிலேயே நேரம் செட் செய்யலாம். செட் செய்யாவிட்டால் ஒவ்வொரு முறை டிசேபிள் செய்யும்போதும் இசட் ஆக்சிஸ் ஒரு மில்லிமீட்டர் தொங்கும்.

படி 6: எமர்ஜென்சி ஸ்டாப்

பழைய பழக்கம், எமர்ஜென்சி அடித்தால் 48 வோல்ட்டை ஒரு கான்டாக்டரால் வெட்டுவது. இதில் இரண்டு கோளாறு. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரின் எனர்ஜி சப்ளை பக்கம் போக வழியின்றி டிரைவிலேயே ஏறும். திரும்ப மூடும்போது காலியான கெபாசிட்டர்கள் ஒரே நொடியில் கரண்டை உறிஞ்சும். நாளடைவில் கான்டாக்ட் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய கான்டாக்டரை நம்பி கையை உள்ளே விடுவதை நினைத்துப் பாருங்கள்.

எஸ்டிஓ (சேஃப் டார்க் ஆஃப்) உள்ள டிரைவை வாங்குங்கள். ஐஇசி 61800-5-2 வரையறுக்கும் இந்த வசதி, பஸ் பவரைத் தொடாமல் மோட்டாருக்குப் போகும் டார்க்கை மட்டும் வெட்டும். இரண்டு சேனலையும் சேஃப்டி ரிலேயிலிருந்து தனித்தனியாக இழுங்கள். வசதிக்காக இரண்டையும் ஒன்றாக ஜம்பர் போட்டால் இரட்டைச் சேனலின் பொருளே போய்விடும். எஸ்டிஓ அடித்ததும் ஆக்சிஸ் நின்றுவிடாது, தளர்ந்து ஓடும். ஆகவே வேகமான ஆக்சிஸில் முதலில் டிரைவே வேகத்தைக் குறைத்து நிறுத்தி, அதன் பின் எஸ்டிஓ விழும்படி டிலே உள்ள சேஃப்டி ரிலே போடுங்கள். 60204-1 இதைக் கேட்டகரி 1 ஸ்டாப் என்கிறது. எத்தனை மில்லிசெகண்ட் டிலே, எந்த பெர்ஃபார்மன்ஸ் லெவல் (பாதுகாப்புச் சர்க்யூட்டின் நம்பகத் தரம்) என்பதை ஐஎஸ்ஓ 13849-1 படி ரிஸ்க் அசெஸ்மென்ட் செய்துதான் முடிவு செய்ய வேண்டும்.

படி 7: பிஎல்சியோடு பேச்சு

ஒரே ஆக்சிஸ், பழைய பிஎல்சி என்றால் பல்ஸ்-டைரக்‌ஷன் போதும். பிஎல்சி அனுப்பும் ஒவ்வொரு பல்ஸுக்கும் மோட்டார் கொஞ்சம் நகரும். ஆனால் பல்ஸ் தொலைந்தால் யாருக்கும் தெரியாது என்பதை ஏற்றுக்கொண்டு செய்யுங்கள். மோட்பஸ் ஆர்டியு, டிரைவில் சேமித்து வைத்த பொசிஷன்களைக் கூப்பிட மட்டும் சரி. கேன்ஓபன் மலிவு, நம்பகமானது. 1 மெகாபிட்டில் சுமார் 25 மீட்டருக்குள், இரண்டு முனையிலும் 120 ஓம் டெர்மினேஷன் ரெசிஸ்டர். ஆக்சிஸ்கள் ஒன்றோடொன்று ஒத்து ஓட வேண்டும் என்றால் ஈதர்கேட். பெக்ஹாஃப் 2003-இல் கொண்டுவந்தது, இப்போது பல நிறுவனங்களின் டிரைவ்களிலும் இருக்கிறது. சீமென்ஸ் பிஎல்சி என்றால் ப்ராஃபிநெட், ராக்வெல் என்றால் ஈதர்நெட்/ஐபி. கையில் இருக்கும் பிஎல்சிதான் இதைத் தீர்மானிக்கும், டிரைவ் அல்ல.

கேன்ஓபனும் ஈதர்கேட்டும் பெரும்பாலும் சிஐஏ 402 என்ற ஒரே மொழியில்தான் சர்வோவோடு பேசுகின்றன. கண்ட்ரோல்வேர்டு 6040, ஸ்டேட்டஸ்வேர்டு 6041, மோடு 6060 என்ற ஹெக்ஸ் எண் கொண்ட ஆப்ஜெக்ட்களில் இருக்கும். கண்ட்ரோல்வேர்டில் 6, 7, 15 என்று டெசிமலில் வரிசையாக எழுதினால் டிரைவ் எனேபிள் ஆகும். ஒவ்வொன்றுக்கும் ஸ்டேட்டஸ் மாறும் வரை காத்திருந்து அடுத்ததை எழுத வேண்டும். ஒரே ஸ்கேனில் மூன்றையும் எழுதினால் டிரைவ் கடைசியை மட்டும் பார்த்துவிட்டு அசையாமல் இருக்கும். ஃபால்ட் ரீசெட்டுக்கு பிட் 7, அதாவது 128. அதுவும் 0-இலிருந்து 1-க்கு ஏறும் விளிம்பில்தான் வேலை செய்யும். பிஎல்சிஓபன் மோஷன் பிளாக்குகள் இருந்தால் இதையெல்லாம் அவையே பார்த்துக்கொள்ளும். ஆனால் அடியில் நடப்பது தெரிந்தால்தான் டிரைவ் ஏன் எனேபிள் ஆகவில்லை என்று கண்டுபிடிக்க முடியும்.

மோடு தேர்வில், தனியாக ஓடும் ஆக்சிஸுக்கு ப்ரொஃபைல் பொசிஷன், மோடு எண் 1. ஒத்து ஓட வேண்டியதற்கு சைக்ளிக் சிங்க்ரோனஸ் பொசிஷன், எண் 8. பின்னதில் பாதையைப் பிஎல்சியே ஒவ்வொரு சைக்கிளிலும், ஒன்றிரண்டு மில்லிசெகண்டுக்கு ஒரு முறை கொடுக்கும்.

ஸ்கேலிங்கில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 17 பிட் என்கோடரில் சுற்றுக்கு 131072 கவுண்ட். 5:1 கியர்பாக்ஸ், 120 மி.மீ. புல்லி; ஒரு மி.மீ.க்கு 5461.333 கவுண்ட். இதை 5461 என்று வெட்டினால் 300 மி.மீ. ஓட்டத்தில் 0.018 மி.மீ. தவறும், எக்ஸ் ஆக்சிஸில் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒரே திசையில் ஓடும் கன்வேயராக இருந்தால் ஆயிரம் இண்டெக்ஸில் 18 மி.மீ. தள்ளிப் போயிருக்கும். ஆகவே தசமமாகக் கொடுக்காமல் 655360-க்கு 120 என்று தொகுதி, பகுதி தனித்தனியாகக் கொடுங்கள். கியர்பாக்ஸ் விகிதமும் முழு எண்தானா என்று பெயர்ப்பலகையை அல்ல, டேட்டாஷீட்டைப் பாருங்கள்.

படி 8: கமிஷனிங்

பெல்ட்டை மாட்டாமல் தொடங்குங்கள். மோட்டார் டேட்டாவைப் போடுங்கள்: போல் ஜோடிகள், ரேட்டட் கரண்ட், உச்ச கரண்ட், என்கோடர் வகை. போல்களின் எண்ணிக்கையை ஜோடி என்று நினைத்துப் போட்டால் மோட்டார் துள்ளும் அல்லது ஓவர்கரண்டில் விழும். டார்க் லிமிட்டை 20 சதவீதத்தில் வைத்து ஜாக் செய்யுங்கள், அதாவது மெல்ல மெல்ல நகர்த்திப் பாருங்கள். திசை சரியா, என்கோடர் எண்ணும் திசை அதோடு ஒத்துப்போகிறதா, ஒரு சுற்று கேட்டால் ஒரு சுற்றுதான் வருகிறதா? எமர்ஜென்சியையும் இப்போதே அடித்துப் பாருங்கள். அப்புறம் பெல்ட்.

கரண்ட், வேகம், பொசிஷன் என்று ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் லூப்களில் ட்யூனிங் உள்ளிருந்து வெளியே போக வேண்டும். கரண்ட் லூப்பை டிரைவின் ஆட்டோட்யூன் பார்த்துக்கொள்ளும். அடுத்து வெலாசிட்டி லூப்: கெயினை மெல்ல ஏற்றி, முணுமுணுக்கும் சத்தம் வந்ததும் மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். ஒரே சுருதியில் விசில் போல வந்தால் அது பெல்ட் அல்லது கப்ளிங்கின் ரெசனன்ஸ். ஒரு ஃப்ரீக்வென்சியை மட்டும் அடக்கும் நாட்ச் ஃபில்டரை அங்கே வையுங்கள். பெல்ட் டென்ஷனை முதலில் சரிபார்த்துவிட்டு இதைச் செய்யுங்கள், தொய்ந்த பெல்ட்டை எந்த ஃபில்டரும் இறுக்காது. கடைசியில்தான் பொசிஷன் லூப்.

ஃபாலோயிங் எரரை (இருக்க வேண்டிய இடத்துக்கும் இருக்கும் இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை) பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். பொசிஷன் கெயின் விநாடிக்கு 50 என்றால் 1125 மி.மீ. வேகத்தில் ஆக்சிஸ் 22 மி.மீ. பின்தங்கித்தான் ஓடும். கெயினைத் திருகிக்கொண்டே போகாமல் வெலாசிட்டி ஃபீட்ஃபார்வர்டை (தேவையான வேகத்தை முன்கூட்டியே வெலாசிட்டி லூப்புக்குக் கொடுப்பது) 100 சதவீதம் நோக்கி ஏற்றுங்கள். பின்தங்கல் பெரும்பாலும் மறையும். முடுக்கத்தில் மிச்சம் இருந்தால் டார்க் ஃபீட்ஃபார்வர்டு. அது முடிந்த பின், ஓட்டத்தில் காணும் மிகப் பெரிய எரரைப் போல இரண்டு மூன்று மடங்கை ஃபால்ட் வரம்பாக வையுங்கள். கிரிப்பர் எதிலாவது முட்டினால் உடனே நிற்க வைப்பது இந்த வரம்புதான். தொல்லை தருகிறது என்று யாராவது அதை ஆயிரம் மி.மீ. ஆக்கி வைத்துவிட்டுப் போனால் அடுத்த முட்டலில் பெல்ட் பல் உதிரும்.

டிரைவின் ஸ்கோப்பில் நான்கு கோடுகளை ஒன்றாகப் போட்டுப் பாருங்கள்: வேகம், ஃபாலோயிங் எரர், டார்க், டிசி பஸ் வோல்டேஜ். நான்காவதை யாரும் போடுவதில்லை. முடுக்கத்தில் பஸ் எவ்வளவு இறங்குகிறது, நிற்கும்போது எவ்வளவு ஏறுகிறது, சாப்பர் எங்கே திறக்கிறது என்று மூன்றாம் படியில் போட்ட கணக்கை இங்கேதான் சரிபார்க்க முடியும். முழு வேகத்தில், மூன்று ஆக்சிஸும் ஓடும்போது எமர்ஜென்சி அடித்து இந்தக் கோட்டைப் பாருங்கள். பிறகு குறைந்தது இரண்டு மணி நேரம் முழு சைக்கிளில் ஓடவிட்டு மோட்டார், டிரைவ், சப்ளை, பிரேக் ரெசிஸ்டர் நான்கின் சூட்டையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

ஒப்படைக்கும் முன் எல்லா டிரைவின் பாராமீட்டர் ஃபைலையும் ஃபர்ம்வேர் எண்ணோடு சேர்த்துச் சேமியுங்கள். ஒரு பிரதி வாடிக்கையாளரிடம், ஒன்று பேனல் கதவின் உள்பக்கம் பென்டிரைவில். ஈதர்கேட், கேன்ஓபன் இரண்டிலும் பிஎல்சியே ஸ்டார்ட்அப்பில் பாராமீட்டரை டிரைவுக்கு எழுதும்படி செய்துவிட்டால், இரவு ஷிஃப்டில் டிரைவ் கெட்டாலும் எலக்ட்ரீஷியன் புதியதை மாட்டி நோடு எண்ணை மட்டும் வைத்தால் மெஷின் ஓடும். அப்சொல்யூட் என்கோடர் உள்ள மோட்டாரை மாற்றினால் மட்டும் ஹோம் ஆஃப்செட்டைத் திரும்ப எடுக்க வேண்டும். அதற்கு மெஷினிலேயே ஒரு பின் துளையோ கோடோ குறித்து, எச்எம்ஐயில் (ஆபரேட்டர் பார்க்கும் திரை) பாஸ்வேர்டோடு ஒரு ஸ்கிரீன் வைத்துவிடுங்கள்.